மூன்று பொற்காசுகளுள் எதனைக் காப்பது?

பொன் விளைந்த ஊரில் பொன் இல்லாத வீடுகளே மிகுதி. கோலார் தங்க வயலில் வாழ்ந்த எவரும் இதனை மறுக்கமாட்டார். 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே கால்வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரை, இம்மண்ணிலிருந்து வெளிவந்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு வந்த நம் முன்னோர், 10,000 அடிக்கும் கீழே, கல்லும் கொதிக்கும் வெம்மையில் நின்று அதனைத் தோண்டினர். ஆயினும் தோண்டிய பொன்னில் ஒரு துணுக்கேனும் அவர்தம் கையில் ஒட்டியதில்லை. வாயிலில் காவலும் சோதனையும் இருந்தன. கூலியாகக் கிடைத்தது வெள்ளி ரூபாயும் காகித நோட்டுமே.

அக்கூலியில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒரு காசு, இரண்டு காசு என்று வாங்கிச் சேர்த்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். பகலெல்லாம் பொன்னை வெட்டிக் கொடுத்தவன், மாலையில் பொன்னை விலை கொடுத்து வாங்கினான். இதனினும் பெரிய விந்தை வேறு உண்டோ?

அக்காசுகளுள் எஞ்சியவை சில, இன்றும் நம் வீடுகளில் சுருக்குப்பையில் உறங்குகின்றன. அவற்றுள் எதனை விற்பது, எதனை வைத்துக்கொள்வது என்னும் வினா பல குடும்பங்களில் எழுந்துள்ளது. நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறுவது நேயர்களுக்குப் பயன்படும் என நம்புகிறோம்.

ஒரு வீடும் மூன்று காசும்

சென்ற திங்களில் சாம்பியன் ரீஃப் பகுதியில் நமக்கு வேண்டிய ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அது பழைய லைன் வீடு. சயனைடு மேட்டின் சாம்பல் நிறம் சன்னல் வழியே தெரியும். வீட்டுத் தலைவியார் எண்பதைக் கடந்த மூதாட்டியார். மாமனாரும் கணவரும் சுரங்கத்தில் உழைத்து மறைந்தவர்கள். மூத்த மகனும் 2001 வரை சுரங்கத்தில் இருந்தவரே. மூடிய பின்னர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குக் காவற்பணிக்குச் சென்று வந்தார். இளைய மகனின் பெண்ணுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்தப் பதினைந்து நாளே இருந்தன.

மூதாட்டியார் சுருக்குப்பையை அவிழ்த்து மூன்று காசுகளைப் பாயின்மேல் வைத்தார். "இரண்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் படிக்க வையுங்கள். ஒன்று மட்டும் வீட்டில் இருக்கட்டும். எது இருக்கவேண்டும் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்றார்.

முதலாவது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1911ஆம் ஆண்டுச் சவரன். மேலே வளையம் பற்றவைக்கப்பட்டது. மூதாட்டியாரின் மாமனார் சீட்டுப் பணத்தில் வாங்கித் தம் மனைவிக்கு அணிவித்தது. திருமணத்தின் போது மாமியார் தம் கழுத்திலிருந்து கழற்றி மருமகளுக்குக் கட்டியதும் அதுவே.

இரண்டாவது, 1918ஆம் ஆண்டுச் சவரன். வளையமில்லை, தேய்வும் இல்லை. 1962இல் மூத்த மகன் பிறந்தபோது கணவர் வாங்கிப் பையில் இட்டார். அதன் பிறகு அது வெளிச்சம் கண்டது அரிது.

மூன்றாவது, அமெரிக்க நாட்டின் ஐந்து டாலர்ப் பொற்காசு. ஆண்டு 1909. அமெரிக்காவில் பணி புரியும் பேரன் (மகள் வயிற்றுப் பிள்ளை), விடுமுறையில் வந்தபோது சுங்கவரி செலுத்திக் கொண்டுவந்து பாட்டியின் கையில் வைத்தது.

மூவர் கருத்தும் மூன்றாக இருந்தன. "அமெரிக்கக் காசுதான் எடை மிகுதி, அதை வைப்போம்" என்றார் மூத்தவர். "1918ஆம் ஆண்டுக் காசு புத்தம் புதிதாக இருக்கிறது, அதற்குத்தான் மதிப்பு" என்றார் இளையவர். மகளோ, "அம்மா, உன் கழுத்தில் கிடந்ததை விற்க நான் சம்மதிக்கமாட்டேன்" என்றார். பின்னர் மூவரும் நம்மை நோக்கினர். நாம் அறிந்தவற்றை எடுத்துரைத்தோம். அவற்றையே இங்கே முறைப்படுத்தித் தருகிறோம்.

எடையும் மாற்றும்

நாம் 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் வழங்கும் சொற்கள் இரண்டும் ஆங்கிலேயரின் நாணயப் பெயர்களிலிருந்து பிறந்தவை. இன்று நகைக்கடையில் ஒரு சவரன் என்றால் 8 கிராம். உண்மைக் காசின் எடையோ 7.988 கிராம். அது 22 காரட். அதாவது 12 பங்கில் 11 பங்கு பொன். அதிலுள்ள தூய பொன் 7.32 கிராம்.

அமெரிக்காவின் ஐந்து டாலர்க் காசு 8.359 கிராம் எடையுள்ளது. மாற்று ஆயிரத்துக்கு 900. கடைக்காரர் உரைத்துப் பார்த்தவுடன், "இது 22 காரட் இல்லை, மட்டம்" என்று முகம் சுளிக்கக்கூடும். அதைக் கேட்டு மயங்கவேண்டா. எடையை மாற்றால் பெருக்கிப் பாருங்கள்: 7.52 கிராம் தூய பொன் வரும். மாற்றில் சற்றுக் குறைந்த காசே பொன்னில் சற்று மிகுந்த காசாக இருக்கிறது! பத்து டாலர்க் காசு இதனினும் இருமடங்கு. இருபது டாலர்க் காசு நான்கு மடங்கு. எனவே எக்காசாயினும் 'எத்தனை காரட்' என்று மட்டும் கேட்பது பாதி வினா. 'எத்தனை கிராம் தூய பொன்' என்பதே முழு வினா.

வளையமிட்ட காசுக்கு ஒரு குறையுண்டு. வளையமும் பற்றவைப்பும் காசின் எடையோடு சேர்ந்து நிற்கும். அவற்றின் மாற்றுக் குறைவாக இருக்கும். ஆதலின் கடைக்காரர் கழிவு கேட்பார். அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

ஆண்டும் எழுத்தும்

நிற்க. காசுக்கு இரண்டாவதொரு விலையும் உண்டு. அது பொன்னின் விலையன்று, அருமையின் விலை. பழங்காசு சேர்ப்பவர்கள் கொடுப்பது அது. அதனை அறிய ஆண்டை மட்டும் பார்த்தல் போதாது. எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் சிற்றெழுத்தையும் பார்த்தல் வேண்டும்.

1911ஆம் ஆண்டுச் சவரனில் எழுத்து ஏதும் இல்லையெனில் அது இலண்டனில் அடித்தது. அவ்வாண்டில் அங்கே அடித்தவை ஏறத்தாழ 3 கோடி. 1918ஆம் ஆண்டுக் காசிலோ, குதிரைமேல் அமர்ந்து நாகத்தைக் குத்தும் வீரனின் காலடித் தரையில், ஆண்டுக்கு நேர் மேலே, 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து ஒரு சிறு கோடு போல நின்றது. அது இந்தியாவைக் குறிப்பது. முதல் உலகப் போரின் இறுதியாண்டில் பம்பாய் அக்கசாலையில் சவரன் அடித்தார்கள். அந்த ஓராண்டோடு அது நின்றுவிட்டது. அடித்தவை ஏறக்குறைய 13 லட்சம். இந்திய மண்ணில் ஆங்கிலேயர் ஆட்சியில் அடித்த சவரன் இஃது ஒன்றே. ஆதலின் காசு சேர்ப்போர் இதன்மேல் ஒரு விருப்பம் வைத்திருக்கின்றனர். ஆயினும் 13 லட்சம் என்பது சிறு தொகையன்று. பொன் விலைக்கு மேலே சிறிது கிடைக்குமேயன்றிப் பெருஞ்செல்வம் கிடைத்துவிடாது.

அமெரிக்கக் காசின் கதை இன்னும் சுவையானது. அதன் ஒரு பக்கம் இறகுமுடி சூடிய செவ்விந்தியத் தலைவரின் முகம்; மறுபக்கம் கழுகு. பிற காசுகளில் உருவம் மேலெழுந்து நிற்கும். இதில் தளத்தினுள் தாழ்ந்து பள்ளமாக இருக்கும். கழுகு உள்ள பக்கத்தில், இடப்புறம் கீழே, எழுத்து இருக்கும். நாம் கண்ட காசில் 'டி' என்று இருந்தது. டென்வர் நகரில் அடித்தது. 1909இல் அங்கே அடித்த ஐந்து டாலர்க் காசுகள் 34 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் நியூ ஆர்லியன்சு நகரில் 'ஓ' எழுத்துடன் அடித்தவை 34,200 மட்டுமே! நூற்றில் ஒரு பங்கு. பொன் ஒன்றே, எடை ஒன்றே, ஆண்டும் ஒன்றே. ஓரெழுத்தால் விலை பன்மடங்கு வேறுபடும். கண்ணாடி வைத்துப் பாராமல் காசை உருக்கக் கொடுப்பவர் எதனை இழந்தார் என்பதை அவரே அறியார்.

அருமையின் விலை எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1933 ஏப்ரலில், அமெரிக்கத் தலைவர் ரூசவெல்ட், மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளை ஒப்படைக்க வேண்டுமென ஆணையிட்டார். அரிய பழங்காசுகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அவ்வாண்டில் அடித்த இருபது டாலர்க் காசுகள் 4,45,500. அவை மக்களிடம் வழங்கப்படாமலே பெரும்பாலும் உருக்கப்பட்டன. தப்பிய சிலவற்றுள் ஒன்று 2021இல் ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதிலுள்ள பொன்னோ நம் நான்கு சவரனுக்குச் சற்றே மிகுதி! எஞ்சிய விலையெல்லாம் எதற்கு? அது கடந்து வந்த கதைக்கு.

கடைக்குச் செல்லுமுன்

சில எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். பழங்காசைப் புளியிட்டோ பூந்திக்கொட்டை நீரிலோ தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேய்த்த காசைச் சேர்ப்போர் விரும்பார். வளையத்தை வெட்டி எடுக்க முயலாதீர்கள். வெட்டினாலும் வடு மாறாது. உரைகல்லில் இழைக்க ஒப்பாதீர்கள். கீறாமல் மாற்றுக் காட்டும் காரட் மீட்டர் கருவி இன்று பல கடைகளில் உண்டு. சவரனின் குறுக்களவு 22 மில்லிமீட்டர். அளவோ எடையோ மாறுபட்டால் ஐயுறுக. ஏனெனில் போலிக் காசுகள் உலகெங்கும் உலவுகின்றன. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். அரிய எழுத்துள்ள காசைப் பொன் கடையில் அன்றி, பழங்காசு வணிகரிடம் காட்டுங்கள்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர் குறிப்பாக அறியவேண்டியது ஒன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகக் கருதப்படும். அதனைத் தனியார் தம் விருப்பப்படி இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்லல் ஆகாது. 1911ஆம் ஆண்டுக் காசும் 1918ஆம் ஆண்டுக் காசும் அவ்வயதைக் கடந்துவிட்டன. 1909ஆம் ஆண்டு அமெரிக்கக் காசும் அவ்வாறே. "பாட்டி கொடுத்தது" என்று சட்டைப்பையில் இட்டு விமானமேறினால் துன்பம் நேரக்கூடும். ஐயமிருப்பின் தொல்லியல் துறையிடம் முன்னரே கேட்டுத் தெளிக.

விற்பது வேறு, வைப்பது வேறு

இவற்றையெல்லாம் கேட்டபின் இளையவர், "அப்படியானால் 1918ஆம் ஆண்டுக் காசை வைப்பதுதானே அறிவு? வளையமிட்ட காசுக்குத்தான் மதிப்பே குறைவு என்கிறீர்களே" என்றார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. சந்தையின் கணக்கில் அவர் சொன்னது முற்றும் சரி. ஆனால் சந்தையின் கணக்கு எதற்கு உதவும்? விற்பதற்கு உதவும். எக்காசுக்குச் சந்தை நல்ல விலை தருகிறதோ, அக்காசு விற்பதற்கு நல்ல காசு. எக்காசின் மதிப்பைச் சந்தை அறியாதோ, அக்காசை விற்றால் நமக்கே இழப்பு. தேய்வில்லாத 1918ஆம் ஆண்டுக் காசின் மதிப்பைப் பெங்களூரில் உள்ள வணிகரும் அறிவார். பணம் கொடுத்தால் அதைப் போன்ற இன்னொன்றை நாளை வாங்கவும் கூடும். அமெரிக்கக் காசும் அவ்வாறே. அதன் உடன்பிறந்தவை 34 லட்சம். ஆனால் மாமியார் கழுத்திலிருந்து மருமகள் கழுத்திற்கு வந்த காசைப் போன்ற இன்னொன்றை எந்த நாட்டில், எந்தக் கடையில் வாங்கமுடியும்?

அக்காசு கடந்துவந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். 1931 செப்டம்பரில் ஆங்கில நாடு தன் நாணயத்தைப் பொன்னிலிருந்து விலக்கிக் கொண்டது. பொன் விலை ஏறியது. நெருக்கடியில் இருந்த இந்தியக் குடும்பங்கள் நகையையும் காசையும் விற்றன. ஏராளமான பொன் கப்பலேறியது. அந்நாளிலும் மூதாட்டியாரின் மாமனார் இதனை விற்கவில்லை. 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதுநகை செய்யலாகாது என்றனர். 1968இல் வந்த சட்டம் 1990 வரை நீடித்தது. அந்நாளிலும் இது கழுத்தில் கிடந்தது. 2001இல் சுரங்கம் மூடியபோது வீட்டில் அடுப்பெரியாத நாட்களும் இருந்தன. அன்றும் இது விலைபோகவில்லை. இத்தனையும் சொல்லி முடித்தபோது மூத்தவர் தலை குனிந்திருந்தார். "2001இல் இதை விற்கச் சொல்லி அம்மாவிடம் சண்டையிட்டவனே நான்தான்" என்றார்.

இறுதிக் காலத்தில் இங்கே ஒரு டன் பாறைக்கு 3 அல்லது 4 கிராம் பொன்னே கிடைத்தது. ஒரு சவரனுக்கு வேண்டிய பொன்னைப் பெற இரண்டு டன் பாறையை உடைத்து மேலேற்றவேண்டும். அக்காசிலுள்ள பொன் கோலாரில் பிறந்ததா, ஆப்பிரிக்காவில் பிறந்ததா என்று எவரும் சொல்ல இயலாது. உருகிய பொன்னுக்கு ஊரில்லை. ஆனால் அதனை வாங்கிய கூலி இந்தச் சாம்பியன் ரீஃபில் சிந்திய வியர்வை என்பதில் ஐயமில்லை.

முடிவு

அமெரிக்கப் பேரனுடன் தொலைபேசியில் பேசினார்கள். தான் கொடுத்ததை விற்பதா என்று வருந்துவானோ எனப் பாட்டி அஞ்சினார். அவனோ, "பாட்டி, உங்களுக்கு உதவத்தானே கொடுத்தேன்! தங்கையின் படிப்பைவிட அது பெரிதா?" என்றான். அமெரிக்கக் காசைத் தூய பொன்னின் கணக்கில் விற்றனர். 1918ஆம் ஆண்டுக் காசைப் பழங்காசு வணிகர் ஒருவர் பொன் விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கிக்கொண்டார். கட்டணம் செலுத்தியாயிற்று.

வளையமிட்ட காசு மீண்டும் சுருக்குப்பைக்குள் சென்றது. செல்லுமுன் அப்பெண் ஒரு காரியம் செய்தாள். பாட்டி சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினாள்: இதனை வாங்கியவர் யார், எந்தச் சுரங்கத்தில் உழைத்தார், எவர் கழுத்தில் இருந்தது, எந்தெந்த இடரில் விற்கப்படாமல் தப்பியது, இதனோடிருந்த இரண்டு காசுகள் எதன் பொருட்டு விற்கப்பட்டன. தாளை மடித்துக் காசோடு வைத்தாள். "இனி நான் இல்லாவிட்டாலும் இது பேசும்" என்றார் மூதாட்டியார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய காசு இருக்கலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே விடை பொருந்தாது. கதை மறைந்துபோன காசுகளே உள்ள வீட்டில், எழுத்தும் ஆண்டும் நல்லதாக உள்ளதை வைப்பதே முறை. ஆனால் கதையுள்ள காசு ஒன்று இருக்குமாயின் அதனை வைத்துக்கொண்டு, சந்தை நன்கு அறிந்த காசைச் சந்தைக்கு விடுங்கள். அக்கதையை அறிந்த முதியவர் உயிரோடிருக்கும் போதே கேட்டு எழுதிவையுங்கள். சுரங்கம் மூடிவிட்டது, தோண்டியவர் பலர் மறைந்துவிட்டனர். அவர்கள் நமக்கென்று மிச்சம் பிடித்தது சிறிதே. அச்சிறிதையேனும் நாம் இன்னதென்று அறிந்து காப்பது நம் கடமையன்றோ?